எல்லாரும் போடுகினம்

பையன்களின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், இளையோருக்குக் கட்டணமில்லாமல் பல் பார்க்கும் ஒரு பொது நிலையத்தில் நான் பல் சுகாதாரப் பணியாளராக இருக்கிறேன். பல் பிடுங்குவதும் அடைப்பதும் மருத்துவரின் வேலை. நான் காறையைச் சுரண்டி எடுப்பேன், ஈறுகளைப் பார்ப்பேன், பல்லை எப்படித் தீட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுப்பேன். ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து, ஸ்டோவ்னரின் உயரமான குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவள் நான். என் நாற்காலியில் வந்து படுக்கும் பையன்களில் பாதிப் பேரின் அப்பா அம்மாவும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். வாய்க்குள் அந்த வேறுபாடு எதுவும் தெரிவதில்லை.

இந்த நகரத்தில் பதின்ம வயதுப் பையன் ஒருவன் சிகரெட்டோடு நிற்பதைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. அதன் இடத்துக்கு ஸ்னூஸ் வந்துவிட்டது. விரல் நகமளவு வெள்ளைப் பொட்டலம், அதற்குள் ஈரமான புகையிலைத் தூள். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் போதும். புகை இல்லை, துப்ப வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் ஆசிரியருக்குக்கூடத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அது வழக்கமாக இருக்கும் இடத்தில் உள்தோல் வெளுத்து, அதிக நேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனியைப் போலச் சுருங்கிப்போயிருக்கும். உதட்டைத் தூக்கினால் ஒரு கணத்தில் விளங்கிவிடும்.

அவர்களிடம் புகைக்கிறீரா என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். புகைப்பது அவர்களுக்குக் கிழவர்களின் வேலை, நாற்றம் பிடித்த வேலை, புற்றுநோய். அதைச் சொல்லும் வாய்க்குள்ளேயே சில சமயம் அந்த வெள்ளைத் தழும்பு இருக்கும். ஒருவன் நுரையீரலுக்குள் போகாதது உடம்புக்குள் போகாது என்று சொன்னான். இன்னொருவன் பனிச்சறுக்கு வீரர்கள் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் மலை ஏறுகிறார்கள் என்றான். வெள்ளை நிறப் பொட்டலம் சுத்தமானது, மண்ணிறப் பொட்டலம்தான் கெட்டது என்று மிகவும் தெளிவாக எனக்கு விளக்கியவன் ஒருவன். அவன் வகுப்பில் கணிதத்தில் கெட்டிக்காரன் என்று அவனுடைய அப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார்.

இவை எல்லாம் எனக்குப் பழகிப்போனவை. பழகிப்போகாத ஒன்றை நான் ஒரு குளிர்காலத்தில் கண்டேன்.

அந்தக் குளிர்காலம் ஒரே பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்புப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள். வழக்கமான சோதனைதான். நான் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்டேன்: நீர் போடுறதோ? உம்மடை வகுப்பிலை போடுகினமோ? முதல் கேள்விக்கு அநேகமாக எல்லாரும் இல்லை என்றார்கள். இரண்டாவதுக்கு எல்லாரும் ஓம் என்றார்கள். "கிட்டத்தட்ட எல்லாரும்" என்றார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முதல் பதில் உண்மையாக இருந்தது. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு கறையும் இல்லாமல் இருந்தது. அடுத்தவனும் அப்படி. அதற்கடுத்தவனும். அந்த வகுப்பில் அதைப் போடுபவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொருவனும் தன்னைத் தவிர மற்ற எல்லாருடைய உதட்டுக்குள்ளும் அது இருப்பதாக உறுதியாக நம்பினான். யாரும் பொய் சொல்லவில்லை. இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றி எல்லாரும் மனதார எனக்குச் சாட்சி சொன்னார்கள்.

ஒரு மாலை கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் ஒரே அறையில் நாள் முழுக்க முழங்கை இடிபட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக் கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் அந்த வாய்களின் உண்மை அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் அதை வெளியே சொல்ல முடியாது. நோயாளியின் வாயில் கண்டது அங்கேயே நின்றுவிட வேண்டும். பொதுவாகச் சொல்லலாம். நீர் நினைக்கிற அளவுக்கு ஆக்கள் போடுறேல்லைத் தம்பி என்று சொல்லியும் பார்த்தேன். பெரியவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்ற மாதிரி, மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் என் மகனுக்குப் பதினாறு வயது. பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில் பயிற்சி எடுக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியில் விளையாடினான். துணி துவைக்கும்போது அவனுடைய ஜீன்ஸின் பின்பையில் வட்டமாக ஒரு தேய்வு விழுந்திருப்பதைக் கண்டேன். ஸ்னூஸ் பொட்டலங்களை அடைத்து விற்கும் வட்ட டப்பியை நெடுநாள் வைத்தால்தான் அப்படித் தேயும். வெளியே எத்தனையோ பையன்களின் பின்பையில் அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறேன்.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"அம்மா, எல்லாரும் போடுகினம்," என்றான்.

"எல்லாரையும் பற்றி நான் கேக்கேல்லை. நீ?"

"நான் போடுறேல்லை."

உதட்டைத் தூக்கிக் காட்டு என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். நான் அவனுடைய அம்மா, அவனுடைய பல் நிலையம் அல்ல என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளின் வாயெல்லாம் எனக்குத் தெரியும், சொந்தப் பிள்ளையின் வாய் தெரியாது என்று கணவரிடம் சொன்னேன். மகன் பிறந்த கிழமையோடு சிகரெட்டை விட்டவர் அவர். கேட்டால் இல்லையென்று சொல்லுகிறானே, அதை இப்போதைக்கு வைத்துக்கொள்வோம் என்றார்.

அணியின் கோல் காப்பாளன் யாழ்ப்பாணப் பிள்ளை அல்ல. அவனுடைய அப்பா கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியியல் வேலைக்காக வந்தவர். பதின்மூன்று வயதில் வந்து சேர்ந்த இவன் உயரமாக, கைகள் நீளமாக இருந்ததால் அணியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய தமிழ் எங்கள் பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் பிள்ளைகளின் தமிழ் அவனுக்குப் பாதி விளங்கவில்லை. ஒரு வருடத்துக்குள் அவன் ஆமாவை விட்டுவிட்டு ஓம் என்றான், பேசுவதை விட்டுவிட்டுக் கதைத்தான். நோர்வேஜிய மொழியையும் யாழ்ப்பாணத் தமிழையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்ட பிள்ளை அவன். என் வீட்டுக்கு வந்தால் மட்டும் தன் பழைய பேச்சுக்குத் திரும்புவான்.

அடுத்த வசந்தத்தில் அவனுடைய பெயர் என் வேலைநாள் பட்டியலில் வந்தது. தெரிந்த பிள்ளை என்பதால், வேறொருவர் பார்ப்பது விருப்பமா என்று முதலில் கேட்டேன். பரவாயில்லை ஆன்ட்டி, நீங்களே பாருங்க என்று படுத்துக்கொண்டான். மேல் சொண்டைக் கொஞ்சம் தளர விடும் என்றேன். சொண்டு என்ற சொல் மட்டும் இன்னும் அவனுக்கு வந்து சேரவில்லை, விழித்தான். உதடு என்றதும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

இரண்டு பக்கமும் வெளுத்துச் சுருங்கிய தோல். ஒரு பக்கத்தில் புண். அந்த இடத்தில் ஈறு பல்லை விட்டு மேலேறி, வேர் மஞ்சளாகத் தெரிந்தது. எப்போதாவது போடும் வாய் அல்ல அது. காலையில் கண் விழித்ததும் போட்டு, பகல் முழுக்க மாற்றி மாற்றி வைக்கும் வாய்.

நாற்காலியை நிமிர்த்திவிட்டு அவனிடம் எப்படித் தொடங்கினான் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான். அணியில் சேர்ந்த புதிதில் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவன் பின்பையிலும் அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறான். ஆட்டத்துக்கு முன் டப்பியை எடுத்துத் தட்டுவார்கள், திருப்பிப் போடுவார்கள். சப்பாத்து மாதிரி, காலுறை மாதிரி, இதுவும் இங்கே வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொண்டான். பெரிய பையன் ஒருவனிடம் வாங்கினான். முதல் தடவை உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான். இரண்டாம் தடவையும். மற்றவர்கள் எல்லாரும் இதைத் தாண்டி வந்துவிட்டார்கள், தான் மட்டும்தான் பலவீனமானவன் என்று நினைத்திருக்கிறான். ஆகவே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருக்கிறான். உதடு புடைத்துத் தெரியாமல் வைக்கும் வரை, தலை சுற்றாமல் நிற்கும் வரை.

"இங்க எல்லாரும் போடுறாங்க ஆன்ட்டி," என்றான். "நான் லேட்டாத்தான் ஆரம்பிச்சேன்."

ஒரு நாட்டின் பேச்சைக் கற்றுக்கொண்ட அதே விடாமுயற்சியோடு இந்தப் பிள்ளை இதையும் கற்றிருக்கிறான். நஞ்சை வெளியே தள்ளிய தன் உடம்பைத் தப்பென்று நினைத்து, அதைத் திருத்தி, இப்போது அது இல்லாமல் இருக்க முடியாத உடம்பாக மாற்றியிருக்கிறான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவன் பார்த்தான், நம்பினான், அவ்வளவுதான். ஒரு நம்பிக்கைக்கு ஒரு பிள்ளையின் வயிற்றையும் இரத்தத்தையும் மாற்றியமைக்கும் பலம் இருக்கிறது என்பதை அன்றைக்கு அந்த உதட்டின் உள்ளே நான் கண்ணால் கண்டேன்.

புண்ணுக்கு என்ன செய்வது, விடுவதென்றால் எங்கே உதவி கேட்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். இங்கே பதினாறு வயதானபின் தன் உடம்பைப் பற்றி வீட்டில் சொல்வதா இல்லையா என்பது பெரும்பாலும் அவனவன் முடிவு. சொல்ல மாட்டேன் என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவனுடைய அம்மா என்னைக் கண்டுவிட்டு ஓடி வந்தார். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, எரிந்து விழுகிறான், காரமான எதையும் தொடுவதில்லை, பல்லில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். வாயில் புண் உள்ள பிள்ளை காரம் தின்ன மாட்டான் என்பது எனக்கு விளங்கியது. உங்கள் மகனிடமே கேளுங்கள், ஆறுதலாக இருந்து கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் என் கண்ணைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போனார். என் கையில் இருந்த பை கனத்தது.

பள்ளிக்கூட விடுமுறைக்குச் சற்று முன்னால் அணி வேறொரு ஊருக்கு ஒரு கிண்ணப் போட்டிக்குப் போனது. இங்கே அப்படிப் போட்டிகளுக்குப் போனால் பிள்ளைகள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தரையில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். பெற்றோர் முறைவைத்துக் கூடப் போய்ச் சமைப்பார்கள், துப்புரவு செய்வார்கள். டுக்னாட் என்று சொல்லும் அந்தக் கூட்டு வேலைக்கு அந்தத் தடவை என் முறை. இன்னொரு பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை பெருமழை. ஆடுகளம் குளமாகிவிட்டது. ஆட்டத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் மெத்தைகளில் உருண்டுகொண்டும் கைபேசியைப் பார்த்துக்கொண்டும் கிடந்தார்கள். நான் வகுப்பறைக்கு வெளியே, நடைபாதையில் போட்ட மேசையில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். மற்ற அப்பா முட்டை அவிக்கக் கீழே போயிருந்தார். கதவு திறந்தே இருந்தது. என்னை அவர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

கோல் காப்பாளனின் டப்பி முடிந்துவிட்டது. அவன் அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தான். கடையில் வயது கேட்பார்கள், அவனால் வாங்க முடியாது. முதலில் அணித்தலைவனிடம் கேட்டான். அவன் முடிந்துவிட்டது என்றான். என் மகனிடம் கேட்டான். அவனும் அப்படியே சொன்னான். மூன்றாவது பிள்ளை தன்னுடையது வீட்டில் என்றான். கேட்கக் கேட்க அவன் குரல் மாறியது.

"நேற்றுத் தட்டிக்கொண்டு இருந்தனிதானே," என்றான் தலைவனிடம், தான் கற்றுக்கொண்ட யாழ்ப்பாணத் தமிழில். "ஒண்டுதான்டா கேக்கிறன்."

தலைவன் மறுபக்கம் புரண்டு படுத்தான். இவன் குனிந்து அவனுடைய பையிலிருந்து டப்பியை உருவித் திறந்துவிட்டான்.

உள்ளே பல்லை நேராக்குவதற்கு இரவில் மாட்டும் கம்பித் தகடு இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தலைவனின் முகம் காதுவரை சிவந்தது. கோல் காப்பாளனுக்கு அது என்னவென்று விளங்கவே நேரமெடுத்தது. பிறகு என் மகனுடைய ஜீன்ஸைக் கொக்கியிலிருந்து இழுத்து டப்பியை எடுத்தான். அதற்குள் வெள்ளையாகச் சிறு துண்டுகள் இருந்தன. அவசரமாக ஒன்றை எடுத்து உதட்டுக்குள் செருகினான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு அதை வெளியே எடுத்து விரலில் வைத்துப் பார்த்தான். புதினா வாசமுள்ள சூயிங்கம்.

என் கையிலிருந்த வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

அதன் பிறகு மற்றவர்கள் தாங்களாகவே திறந்தார்கள். யாரும் கேட்கவில்லை, ஒருவன் எழுந்து தன் டப்பியைத் திறந்து காட்டினான். வெறுமை. இன்னொன்றில் காதில் செருகிப் பாட்டுக் கேட்கும் கருவி. இன்னொன்றில் உண்மையான பொட்டலங்கள்தான், ஆனால் போன வருடமே காய்ந்து கல்லாகிவிட்டவை. ஒன்று எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறான். எப்போதாவது போடும் பிள்ளை ஒருவன் இருந்தான். அவனுடையதையும் அவனுடைய அக்கா எடுத்து எறிந்துவிட்டாள்.

"நான் உன்னைப் பாத்துத்தான் பொக்ஸ் கொண்டு திரிஞ்சனான்," என்று என் மகன் தலைவனிடம் சொன்னான்.

"நான் உங்களைப் பாத்து," என்றான் தலைவன்.

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. ஒருவன் மெத்தையில் விழுந்து உருண்டான். எத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் நடித்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே அதிசயமாக இருந்தது. எனக்கும்தான். அந்தக் குளிர்காலத்தில் நாற்காலியில் வாய் வாயாகப் பார்த்து நான் ஊகித்ததை இங்கே ஒரு முழு அறை என் கண்முன்னால் திறந்து காட்டியது. எல்லாரும் நம்பியிருந்த அந்தப் பெரிய கூட்டத்தில் ஆளே இல்லை. மேலே மூடி, கீழே டப்பி, நடுவில் சூயிங்கம்.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நெஜமாவே போட்டேன்டா," என்றான் கோல் காப்பாளன். பழைய பேச்சு தானாக வந்திருந்தது. "நீங்க எல்லாரும் போடுறீங்கன்னுதான் நான் போட்டேன். வாந்தி எடுத்து எடுத்துப் பழகினேன்."

சிரித்த பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வாடுவதை நான் பார்த்தேன். வாய் திறந்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விளையாட்டாகத் தட்டிய டப்பியின் சத்தம் ஒருவனுடைய உடம்புக்குள் போய் வேலை செய்திருக்கிறது என்று அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு விளங்குவது சின்ன விஷயம் அல்ல.

அவன் வெளியே வந்தான். என்னைக் கண்டதும் நின்றான்.

"ஆன்ட்டி, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"இவையின்ரை சங்கதி எனக்குத் தெரியாது தம்பி," என்றேன். "என்ரை மகன்ரை பொக்ஸுக்குள்ளை என்ன இருக்கெண்டே இண்டைக்குத்தான் பாத்தனான்."

அவன் தலையாட்டினான். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் இருக்கச் சொன்னேன், இருந்தான். நான் வெண்ணெய் பூசினேன், அவன் பாணை அடுக்கினான்.

பின்னேரம் மழை விட்டு ஆட்டம் நடந்தது. அவன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். பிடிக்க வேண்டிய பந்துகள் கைக்குள்ளால் வழுகிப் போயின. தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் யாரும் ஒருவரையொருவர் குறை சொல்லவில்லை. தலைவன் போய் அவனுடைய கையுறைகளை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், நான் சமைத்துக்கொண்டிருக்க, மகன் குசினிக்குள் வந்து நின்றான்.

"அம்மா, அவன் தொடங்கினது எங்களாலையோ?"

இல்லையென்று சொன்னால் அவன் மனம் ஆறும் என்று தெரிந்தது. "உங்களாலை மட்டும் இல்லை," என்றேன். "உங்களாலையும்தான்."

அவன் தானாக வந்து என் முன்னால் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினான். பிறந்த பிள்ளையின் வாய் மாதிரி இருந்தது.

கோல் காப்பாளன் அந்தக் கோடையில் விடுவதென்று முடிவெடுத்தான். மற்றப் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாங்களே கூடி முடிவெடுத்தார்கள். ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதையில் காலையில் அவனோடு ஓடினார்கள். நித்திரை வராமல் அவன் புரளும்போது யாராவது கைபேசியில் அவனோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் லேசான ஆளாக இருக்கவில்லை. தலையிடி, எரிச்சல், ஒரு பயிற்சியில் கையுறையைக் கழற்றி என் மகனின் முகத்தில் எறிந்தான். நடித்தவர்களுக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று கத்தினான். மகன் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தான். அடுத்த நாள் காலையிலும் ஓடப் போனான்.

இடையில் ஒருமுறை கோல் காப்பாளன் திரும்பவும் தொடங்கிவிட்டான். ஒளித்துப் போட்டுக்கொண்டு ஒரு கிழமை திரிந்தான். பிறகு தானே வந்து சொன்னான். அப்போது தலைவன் சொன்னதை மகன் எனக்குச் சொன்னான். இவ்வளவு நாள் நாங்கள் போடாமலே போடுகிறோம் என்று காட்டினோம், நீ போட்டுவிட்டுப் போடவில்லை என்று காட்டுகிறாய், இனி இந்த அணியில் ஒருவரும் ஒன்றும் காட்ட வேண்டாம் என்று சொன்னானாம். பல்லுக் கம்பித் தகட்டை ஸ்னூஸ் டப்பிக்குள் ஒளித்துத் திரிந்த பிள்ளை சொன்ன வார்த்தை அது. இந்தப் பிள்ளைகளை நான் தெருவில் கண்டிருந்தால், தலைமயிரைப் பற்றியும் காற்சட்டையைப் பற்றியும்தான் யோசித்திருப்பேன்.

இலையுதிர் காலத்தில் கோல் காப்பாளன் மறுபரிசோதனைக்கு வந்தான். அவனுடைய அம்மாவும் கூட வந்தார். தானே கூட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். என் முன்னால் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அழவில்லை. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பையைப் பார்த்தேன், ரூமைப் பார்த்தேன், ஃபோனைக்கூடப் பார்த்தேனுங்க," என்றார் என்னிடம். "வாயைப் பார்க்கணும்னு தோணவே இல்ல. உங்களுக்கு அப்பவே தெரியும் இல்லீங்களா?"

"ஓம்," என்றேன். "தெரியும்."

அவர் கைப்பையைத் தோளில் மாட்டினார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"சொல்லியிருந்தீங்கன்னா நான் இவனை ஊருக்கு அனுப்பி வச்சிருப்பேன்," என்றார். அதைக் கோபமாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் நாற்காலியை மகனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பார்ப்பதைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். அவன் சரியென்றான்.

உதட்டைத் தூக்கினேன். வெள்ளைச் சுருக்கம் எங்கேயும் இல்லை. புண் இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் ஊறிக் கிழிந்த கடதாசி போல இருந்த அந்த இடம், நனைந்த பூவிதழ் போல மினுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக வாய்களைப் பார்த்து வருகிறேன், இப்படி ஆறும் என்று படித்திருக்கிறேன், பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது எனக்கு அதிசயமாகவே இருக்கிறது. தனக்குச் செய்யப்பட்டதை எல்லாம் அந்தத் தோல் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கைக்கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன். தானே உதட்டைத் தூக்கிப் பார்த்தான். அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"மருந்து எதுவும் போடலையே ஆன்ட்டி. எப்படித் தானா சரியாச்சு?"

வாய்க்குள்ளை இருக்கிற தோல் எப்பவும் புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கும், நீர் அதை இப்ப தடுக்கேல்லை, அவ்வளவுதான் என்றேன். அவன் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, ஈறு ஏறி வேர் மஞ்சளாகத் தெரிந்த பல்லைக் காட்டினான்.

"இது?"

"இது இப்பிடியேதான் இருக்கும். இன்னும் ஏறாமல் பாத்துக்கொள்ளலாம்."

அவன் அந்தப் பல்லை ஒருமுறை நாக்கால் தொட்டுப் பார்த்தான். பிறகு கண்ணாடியைத் திருப்பித் தந்துவிட்டு, குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டான். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். அவர் அவனுடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார், அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். இதை எழுதலாமா என்று அண்மையில் அவனிடம் கேட்டேன். எழுதுங்கோ அன்ரி, பேரைப் போடாதேங்கோ என்றான்.